தொண்டைமானாற்றில் தண்டு வலிக்கப் பழகிய ஐந்து மாதம்

முதல் நாள், படகோட்டம் பழக்குகிற சேர் எனக்கு ஒன்றுமே சொல்லித்தரவில்லை. தகரக் கொட்டிலுக்குள் இருந்த, படகுத் தண்டு வலிக்கிற மாதிரி இழுக்கும் மெசினில் இருத்தி, பாதத்தைப் பட்டியால் இறுக்கிவிட்டு, "ரீச்சர், உங்களுக்கு எப்பிடி வருதோ அப்பிடி இழுங்கோ" என்றார். பிறகு ஒரு பிளாஸ்ரிக் கதிரையை எனக்குப் பக்கவாட்டில் போட்டு இருந்து பார்த்தார். ஐந்து நிமிடம். வேர்த்து ஒழுகி, மூச்சு முட்டி, "காணுமோ சேர்?" என்று நான் கேட்கும்வரை அவர் வாயே திறக்கவில்லை. அதன் பிறகும் சொன்னது ஒரே ஒரு வசனம்: "எல்லாத்தையும் கையாலயே இழுக்கிறியள், கால் சும்மா கிடக்குது."

எனக்கு 22 வருடப் படிப்பித்தல் அனுபவம். ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பியில் பத்துப் பிழை இருந்தால் பத்துக்கும் சிவப்புப் பேனையால் கோடு போட்டுத்தான் பழக்கம். அன்று என் இழுவையில் பத்துக்குக் குறையாமல் பிழை இருந்திருக்கும். அவர் ஒன்றைத்தான் எடுத்தார். அடுத்த இரண்டு கிழமையும் அந்த ஒன்றுதான். கால் சரிவரும்வரை கையைப் பற்றியோ முதுகைப் பற்றியோ ஒரு சொல் வரவில்லை. இவ்வளவு நீளமாக இதை நான் எழுதுவது அதனால்தான். ஆற்றங்கரை அழகு, காலைக் காற்று எல்லாம் உண்டு. ஆனால் அங்கே நான் கண்ட பெரிய விசயம் ஒரு நல்ல வாத்தியார்.

நான் போன காரணத்தைச் சொல்லவேண்டும். வயது 47. சீனி வருத்தம் வந்து மூன்று வருடம். முழங்கால் தேய்மானம் என்று ஓட்டமும் விரைந்த நடையும் வேண்டாம் என்றுவிட்டார் வைத்தியர். அதற்கு முன் நகரத்தில் ஓர் உடற்பயிற்சி நிலையத்துக்கு இரண்டு மாதம் போனேன். அங்கேயும் இதே மாதிரி ஒரு மெசின் இருந்தது. அங்கே நின்ற தம்பி அதன் பக்கத்துப் பிடியை 10இல் போட்டு, "அன்ரி, 20 நிமிசம்" என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்கப் போய்விட்டார். ஒன்பது நாள் நாரி நிமிராமல் படுத்திருந்தேன். அந்தப் பயத்தோடுதான் போன மார்கழி விடுமுறையில், யாழ்ப்பாணத்து வடகரையில் இருக்கிற தொண்டைமானாற்றுக்குப் போனேன். அச்சுவேலியிலிருந்து ஸ்கூட்டியில் 15 நிமிடம்.

செல்வச்சந்நிதி முருகன் கோயில் மணி கேட்கும் தூரத்தில் நீரேரிக் கரை. ஒரு தகரக் கொட்டில், அதற்குள் இரண்டு மெசின், வெளியில் கவிழ்த்துப் போட்ட ஒரு பைபர் படகு, கிடுகால் மறைத்த ஒரு மூலை. பெயர்ப்பலகை கிடையாது. அந்தப் பக்கத்தில் "தண்டு வலிக்கிற இடம் எங்கை?" என்று கேட்டால் காட்டுவார்கள்.

அந்தச் சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல எனக்கு ஆசை. தமிழ்நாட்டில் வலி என்றால் உடம்பில் படுகிற வேதனை. எங்களுக்கு அது நோ. நோகுது என்போம். எங்கள் கரையூர்களில் வலிக்கிறது என்றால் தண்டைப் பிடித்து இழுக்கிறது. சேர் ஒவ்வொரு நாளும் தொடங்க முதல் எல்லாரையும் கேட்கிற கேள்வி, "எங்கையாவது நோகுதோ?" இல்லை என்று சொன்னால்தான் "அப்ப வலியுங்கோ." ஒருநாள் 15 வயதுப் பெடியன் ஒருவன் விலாவில் கொஞ்சம் நோகுது என்றான். அன்றைக்கு அவனைத் தண்டைத் தொடவே விடவில்லை. வீட்டுக்கும் அனுப்பவில்லை. கரையில் இருந்து மற்றவர்களின் இழுவையை எண்ணச் சொன்னார். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அவருடைய கதையை அவர் ஒரே இருப்பில் சொன்னதில்லை. மெசின் சங்கிலிக்கு எண்ணெய் பூசும்போது கொஞ்சம், படகு கழுவும்போது கொஞ்சம். ஊர் மயிலிட்டி. 1990இல் போரால் அந்தச் சனம் இடம்பெயர்ந்தபோது அவருக்கு 14 வயது. வடமராட்சிக் கரையில் வந்து தங்கினார்கள். பொருளாதாரத் தடைக்காலம். மண்ணெண்ணெய் கிடைத்தாலும் வாங்கேலாத விலை. தகப்பனுடைய எஞ்சின் சாக்கால் மூடியபடி கிடக்க, வள்ளம் பழையபடி தண்டுக்குத் திரும்பியது. தகப்பன் ஒரு தண்டு, இவர் ஒரு தண்டு. "போட்டிக்கெண்டு நான் வலிக்கப் பழகேல்லை ரீச்சர், எண்ணெய் இல்லாததால பழகினது" என்றார்.

பிறகு கொழும்புக்குப் போய், 21 வயதில் பேரை ஏரிக்கரையில் ஒரு கழகத்தில் படகு தூக்கிக் கழுவி வைக்கிற வேலை. இலங்கையில் இந்த விளையாட்டு பழையது. கொழும்பில் 1864இலேயே படகோட்டக் கழகம் தொடங்கிவிட்டது. சென்னையோடு நடக்கும் போட்டி 1898இலிருந்து வருகிறது. அந்த நீளமான ஒல்லிப் படகுகளை ஒரு வருடம் தோளில் சுமந்த பிறகு, ஒருநாள் ஆள் குறைகிறது என்று இவரை ஏற்றியிருக்கிறார்கள். வள்ளத்தில் இருக்கை அசையாது. இந்தப் படகில் இருக்கை சில்லில் முன்னும் பின்னும் ஓடும். அதனால் காலின் பலம் முழுவதும் தண்டுக்குப் போகும். "அண்டைக்குத்தான் எனக்குக் கால் இருக்கெண்டு தெரிஞ்சது" என்றார். முதல் நாள் எனக்குச் சொன்ன வசனம் எங்கிருந்து வந்தது என்று அப்போது பிடிபட்டது.

அவர் போட்டிக்கு வலித்தது குறைந்த எடைப் பிரிவில். ஆண்களுக்கு ஒருவர் 72.5 கிலோவைத் தாண்டக்கூடாது, படகில் சராசரி 70 கிலோ. அவருடைய இயல்பான எடை 76. போட்டிக்கு முதல் கிழமை பட்டினி, தண்ணீர்க் குறைப்பு, மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓட்டம். எடை பார்த்து இறங்கியதும் ஒரு லீற்றர் தண்ணீர். அதோடு போய் 2000 மீற்றர் வலிக்கவேண்டும். மெசினில் அவருடைய மிகச் சிறந்த நேரம் 6 நிமிடம் 48 செக்கன். இரண்டு தரம் சென்னைக்குப் போய் வலித்திருக்கிறார். ஒலிம்பிக், ஆசியப் போட்டி எதற்கும் போகவில்லை. அதை அவர் மறைப்பதுமில்லை, பெருமூச்சு விடுவதுமில்லை.

29 வயதில் விலா எலும்பு. விழுந்து முறிந்ததல்ல, ஒரே இழுவையை ஆயிரம் ஆயிரமாகத் திருப்பிச் செய்யும்போது எலும்பில் மெல்லிய கீறல் வரும். படகோட்டிகளுக்கு அடிக்கடி வருகிற காயம் இது. இவர் படகில் இடம் போய்விடும் என்று யாருக்கும் சொல்லாமல் ஆறு கிழமை அந்த நோவோடு வலித்திருக்கிறார். கீறல் பெரிதாகி, இரண்டு பருவம் போய், அதோடு போட்டி வாழ்க்கையும் முடிந்தது. அந்த நேரம் கழகத்தில் பள்ளிப் பெடியளைப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். தொடக்கத்தில் தான் மோசமான பயிற்சியாளர் என்று அவரே சொன்னார். பெடியளின் தண்டைப் பறித்துத் தானே வலித்துக் காட்டுவாராம். ஒரு வருடம் கழித்துத்தான், தான் வலிப்பதைப் பார்த்து ஒருவனும் பழகவில்லை, அவன் வலிப்பதைத் தான் பார்த்தால்தான் அவன் பழகுவான் என்று கண்டுபிடித்திருக்கிறார். 12 வருடம் அங்கே. 2017இல் மயிலிட்டித் துறைமுகப் பக்கம் இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்ட பிறகு ஊருக்குத் திரும்பியவர், கடலைவிட நீரேரி அடக்கமானது என்று இங்கே வந்து கொட்டில் போட்டார்.

இதையெல்லாம் கேட்ட பிறகுதான் விலாவில் நொந்த பெடியனைக் கரையில் இருத்தியது எனக்கு விளங்கியது. கொட்டிலில் எடை பார்க்கும் மெசின் ஏன் இல்லை என்பதும் விளங்கியது. ஒரு தாய் வந்து "என்ர மகள் மெலியோணும் சேர்" என்றபோது, "அதுக்கு நான் ஆளில்லை அக்கா, பிள்ளை பலக்கோணும் எண்டா விடுங்கோ" என்றார். அந்தத் தாய் கூட்டிக்கொண்டு போய்விட்டா. மாதம் ஒரு கட்டணம் குறைந்தது. அவர் அதைப் பற்றிப் பிறகு கதைக்கவில்லை. 2024 பரிஸோடு ஒலிம்பிக்கில் குறைந்த எடைப் பிரிவு இல்லாமல் போனது. 2028 லொஸ் ஏஞ்சல்ஸில் அதற்குப் பதிலாகக் கடற்கரைப் போட்டி வருகிறது. மணலில் ஓடிப்போய்ப் படகில் ஏறி, மிதவைகளைச் சுற்றி 250 மீற்றர் போய், 250 மீற்றர் திரும்பி, மறுபடியும் மணலில் ஓடி முடிக்கவேண்டும். அலையில் அகலமான படகு. அதைச் சொல்லும்போதுதான் சேரின் முகத்தில் ஒரு வெளிச்சம் கண்டேன். அலைக்குள் வள்ளம் தள்ளி ஏறுகிற பிள்ளைகள் எங்கள் கரை முழுக்க இருக்கிறார்கள் அல்லவா.

இனி மெசின். இரண்டும் கொன்செப்ற் ரூ என்ற கம்பனி செய்தது, இரண்டாம் கை. அமெரிக்காவில் அந்தக் கம்பனியைத் தொடங்கிய டிரைசிகாக்கர் என்ற சகோதரர் இருவர் 1976இல் தண்டு செய்யத் தொடங்கி, 1981இல் சைக்கிள் சில்லு ஒன்றை வைத்துத் தங்கள் முதலாவது வலிக்கும் மெசினைச் செய்தார்களாம். அவர்களில் ஒருவர் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் படகு வலித்தவர். படகோட்டி செய்த மெசின் என்பதால் படகின் தன்மை அதில் இருக்கிறது என்பது சேரின் கருத்து. பக்கத்தில் 1 தொடக்கம் 10 வரை ஒரு பிடி. 10 என்றால் நல்ல பயிற்சி என்று பலர் நினைக்கிறார்கள். நகரத்துத் தம்பியும் அப்படித்தான் நினைத்திருப்பார். உண்மையில் அது சைக்கிள் கியர் மாதிரி. 10இல் போட்டால் கனத்த வள்ளம், ஒவ்வொரு இழுவையும் நாரியில் இறங்கும். சேர் எனக்கு 4இல் வைத்தார். இன்றைக்கும் 4தான்.

அதில் ஒரு சின்னத் திரை. 500 மீற்றர் போக எத்தனை நிமிடம் பிடிக்கும் என்று ஒவ்வொரு இழுவைக்கும் காட்டும். நான் தொடங்கியபோது 3 நிமிடம் 10 செக்கன். இப்போது 2 நிமிடம் 40 செக்கன். அரை நிமிடம்தானே என்று நினைத்தேன். ஆனால் வலு வேகத்தின் மூன்றாம் அடுக்காகக் கூடுகிறது. வேகம் ஏறக்குறைய 19 வீதம் கூட, வலு 51 வொட்டிலிருந்து 85 வொட்டுக்குப் போயிருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு கூடுதல். சேருடைய பழைய 6.48ஐ அதே சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன்: 330 வொட், ஏழு நிமிடத்துக்குக் கிட்ட விடாமல். இதைத் தரம் 11 பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் செய்து காட்டினேன். அடுக்குகளை இவ்வளவு ஆர்வமாக அந்த வகுப்பு ஒருநாளும் கேட்டதில்லை.

முறை எளிது, செய்யத்தான் மாதங்கள் பிடிக்கும். இழுக்கும்போது கால், முதுகு, கை. திரும்பும்போது கை, முதுகு, கால். இழுவை கெதியாக, திரும்புதல் ஆறுதலாக. ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கு. நிமிடத்துக்கு 20 இழுவைக்கு மேல் போகவிடமாட்டார். அந்தத் திரும்பும் நேரத்தில்தான் மூச்சு வருகிறது. அவசரப்படுகிற என் குணம் அந்த இடத்தில்தான் பிடிபட்டது. அவர் பார்த்துக்கொண்டே இருப்பார், இருபது இழுவை, முப்பது இழுவை. பிறகு ஒரு சொல்: "ஆறுதலா." ஐந்து மாதத்தில் "நல்லது" என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறார். இரண்டு நாளும் எனக்குத் திகதியோடு ஞாபகம்.

மூன்றாம் மாதம் எனக்குச் சலிப்பு வந்தது. சீனி ஏறி இறங்கி நின்றது. "இந்த வருத்தத்தோட என்னத்தைச் சேர்" என்று கதிரையில் இருந்துவிட்டேன். அன்றுதான் அவர் ஸ்ரீவ் ரெட்கிரேவ் கதையைச் சொன்னார். இங்கிலாந்துக்காரர். 1984, 88, 92, 96 என்று நான்கு ஒலிம்பிக்கில் தங்கம். 1997இல் நீரிழிவு என்று கண்டுபிடித்தார்கள். விடவில்லை. 2000 சிட்னியில் 38 வயதில், நால்வர் படகில், இத்தாலியை 0.38 செக்கனால் முந்தி ஐந்தாவது தங்கம். சொல்லிமுடித்து, நான் ஏதாவது சொல்லுவேன் என்று காத்திராமல் படகுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். நான் எழும்பிப் போய் மெசினில் இருந்தேன். சாப்பாட்டுக்கு முந்திய சீனி 162இல் தொடங்கியது, கடைசியாகப் பார்த்தபோது 128. சோற்றையும் குறைத்திருக்கிறேன், மருந்தும் நடக்கிறது. ஆகவே முழுப் புகழையும் தண்டுக்குக் கொடுக்க மாட்டேன். நாரி மட்டும் தண்டுக்குத்தான் கடமைப்பட்டிருக்கிறது.

சனிக்கிழமைகளில் தண்ணீர். மாரி மழையில் நீரேரி நிரம்பி, காற்று அடங்கிய பிறகுதான் படகு இறங்கும். சித்திரை வரை. ஏறமுதல் இடுப்பளவு தண்ணீரில் படகைக் கவிழ்த்து, நிமிர்த்தி, திரும்ப ஏறிக் காட்டவேண்டும். எனக்கு நீந்தத் தெரியாது. மிதவைச் சட்டையோடு அதை நாலு தரம் செய்தபிறகுதான் விட்டார். முதல் நாள் என்னோடு படகில் இருந்தது 13 வயதுப் பிள்ளை, கரையூர்ப் பிள்ளை. அவளுடைய தண்டு தண்ணீருக்குள் போகும்போது சத்தமே வராது. என்னுடையது பளார் என்று அடிக்கும். "ரீச்சர், தண்ணிக்கு அடிக்காதேங்கோ, உள்ளுக்கு வையுங்கோ" என்றாள். பள்ளிக்கூடத்தில் நான் அவளுக்குப் படிப்பித்ததில்லை. அன்றைக்கு அவள் எனக்குப் படிப்பித்தாள்.

படகில் நாங்கள் போகும் பக்கத்துக்கு முதுகைக் காட்டித்தான் இருக்கவேண்டும். எனக்குப் பெரிய பயமே அதுதான். சேர் சொன்ன வழி: பின்முனைக்கு நேரே கரையில் ஒரு பனையைப் பிடியுங்கோ, முனையும் பனையும் ஒரு கோட்டில் நிக்கும்வரை நீங்கள் நேராப் போறியள். இரண்டு புள்ளி, ஒரு நேர்கோடு. நான் 22 வருடமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு வந்ததை அன்றைக்குத்தான் உடம்பால் செய்தேன். கரையோர மண்பாதையில் அவர் பழைய சைக்கிளில் எங்களோடு சமமாக வருவார். மோட்டார்ப் படகு இல்லை. காற்றில் அவர் குரல் பாதிதான் வரும். வருகிற பாதியில் ஒரு சொல்தான் இருக்கும் என்பதால் அது காணும். முன்னுக்கு வலைக் கம்போ தோணியோ இருந்தால் மட்டும் விசில் ஊதுவார்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். கழிப்பறை இல்லை. பெண்கள் உடுப்பு மாற்றுவதற்குக் கிடுகு மறைப்புத்தான். மழைக்குள் அதுவும் சரிந்து கிடந்தது. வளர்ந்த பெண்பிள்ளைகள் வருகிற இடத்துக்கு இது போதாது. இதை அவரிடமே நேரே சொல்லியிருக்கிறேன். கல்லுக் கட்டக் காசு சேர்க்கிறேன் என்றார். ஒரு படகுதான் என்பதால் சனிக்கிழமை காத்திருப்பு முக்கால் மணித்தியாலம் வரை போகும். அவருக்குக் காய்ச்சல் என்றால் வகுப்பு இல்லை, பதிலுக்கு ஆளில்லை. போன் எடுக்கமாட்டார். யாருடைய முன்னேற்றத்தையும் எழுதி வைப்பதில்லை, எல்லாம் அவருடைய தலைக்குள். நான் ஒரு கொப்பி வாங்கிக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். 13 வயதுப் பிள்ளைதான் இப்போது அதை நிரப்புகிறாள். பெண் பயிற்சியாளர் ஒருவர் வேண்டும். அவள் கொஞ்சம் வளர்ந்தால் அந்த இடத்துக்கு அவளே போதும் என்பது என் எண்ணம்.

கட்டணம் மாதம் 5000 ரூபா. கரையூர்ப் பிள்ளைகள் எட்டுப்பேர் காசில்லாமல் பழகுகிறார்கள். செவ்வாய், வியாழன் விடிய 5.30க்கு மெசின், சனி 6 மணிக்குத் தண்ணீர். 5.31க்கு வந்தால் அன்றைக்குக் கரையில் இருந்து எண்ணுகிற வேலைதான், ரீச்சர் என்றாலும். இப்போது சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டது, புரட்டாதி வரை முழுக்க மெசின்தான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இது நல்ல காலம், ஆள் குறைவு. கையில் கொப்புளம் வரும், உடைக்காதேங்கோ. ஒரு துவாய், ஒரு போத்தல் தண்ணீர், சீனி வருத்தக்காரர் என்றால் இரண்டு பிஸ்கட். ஆவணியில் சந்நிதித் திருவிழா நடக்கும் நாட்களில் வகுப்பு இல்லை. சனிக்கிழமை முடிய அப்படியே கோயிலுக்கு நடந்துபோனால் ஏதாவதொரு மடத்தில் சாப்பாடு இருக்கும். சேரும் பிள்ளைகளும் அங்கேதான் இருப்பார்கள்.